சார்பும் அடிமையும் ஒன்றோ?



பிறரைச் சார்ந்து வாழ்தல் இழிவு, எவரையும் சாராது நிற்றலே மாந்தர்க்கு அழகு என்னும் கருத்து நம்மவரிடையே நாளுக்கு நாள் வலுப்பெற்று வருகின்றது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிறர் களத்தில் பிறர் கையால் அளந்துபோடும் தானியத்தை எதிர்நோக்கித் தலைமுறை தலைமுறையாய் நின்ற மக்கள், தம் காலிலே தாம் நிற்க விழைவது இயற்கையேயாம். பகவன் புத்தரும் தம் இறுதி நாட்களில், தமக்குத் தாமே தீவாகவும் தமக்குத் தாமே சரணாகவும் வாழுமாறு ஆனந்த தேரருக்கு அருளினார் என்று மகா பரிநிப்பான சுத்தம் உரைக்கின்றது. ஆயின் அப்பெருமானே, தோன்றும் பொருள் யாவும் பிறிதொன்றைச் சார்ந்தே தோன்றும் என்னும் பேருண்மையைக் கண்டு கூறியவர். சாராத பொருள் ஒன்றும் இல்லை என்பதும், எவரையும் சாராது நில் என்பதும் ஒரே வாயினின்று எங்ஙனம் பிறக்கக்கூடும்? இரண்டனுள் ஒன்றைப் பலரும் பிறழ விளங்கிக்கொள்கின்றனர் என்பதே எம் கருத்து.

இவ்வினாவைச் சொல்லாராய்ச்சி ஒன்றினாலேயே தீர்த்தல் அரிது. ஆதலின் இக்காலத்து இளைஞர் பலர் தம் கையாலேயே செய்து பார்க்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அத்தொழில் யாதெனின், கணினி விளையாட்டு ஒன்றனை அதன் மூல நிரலிலிருந்து தொகுத்தெடுத்தல். விளையாட்டுப் பேச்சு இவ்விதழுக்கு எதற்கு என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். சிறிது பொறுத்தருளுக.

ஐதராபாத்து நகரின் வடகிழக்கே ஏ.எஸ்.ராவ் நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. ஐயகாரி சாம்பசிவ ராவ் (1914–2003) என்னும் அறிவியலாளரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இந்தியா தனக்கு வேண்டிய மின்னணுக் கருவிகளைத் தானே செய்துகொள்ளல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு 1967-இல் அந்நகரில் தொடங்கப்பெற்ற ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். தற்சார்பு என்னும் சொல்லை முழங்கிப் பிறந்த இடம் அது. அந்நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் முதற்கணினி 1969-ஆம் ஆண்டின் டி.டி.சி-12. அப்பெயரின் முதலெழுத்து எதனைக் குறிக்கின்றது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அது டிராம்பே. பம்பாயை அடுத்த டிராம்பேயில் இருந்த அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருக்கொண்ட கணினி அது. ஐதராபாத்தில் வளர்ந்தும் தான் பிறந்த இடத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நின்றது. தற்சார்புக்குச் சான்றாக நாம் காட்டும் பொருளே தன் சார்பினை மறைக்காமல் நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தமை எமக்கு மிகவும் உவப்பைத் தருகின்றது.

அந்நகரில் ஒரு மாடி அறையில் நம் இளைஞர் ஒருவர் லினக்ஸ் கணினியின் முன் அமர்ந்திருக்கின்றார் என்று கொள்வோம். அவர் தொகுக்க விரும்புவது சீரோ ஏ.டி. என்னும் போர்த்தந்திர விளையாட்டு. கி.மு. 1-ஐ அடுத்து வருவது கி.பி. 1 ஆதலின், அப்பெயர் குறிக்கும் பூச்சிய ஆண்டு நாட்காட்டியிலேயே இல்லாத ஓர் ஆண்டு. பல நாட்டுத் தன்னார்வலர் கூடி உருவாக்கி, 2009-இல் மூல நிரலை யாவர்க்கும் திறந்துவைத்தனர். பண்டைக்கால அரசுகள் பல அதில் இடம்பெறுகின்றன. அவற்றுள் மோரியர் அரசும் ஒன்று. மாமன்னர் அசோகரும் உளர். அவர்தம் கல்வெட்டுத் தூணை எழுப்பவும் அவ்விளையாட்டில் வழியுண்டு. நம் இளைஞரை அதன்பால் ஈர்த்தது அத்தூணே என்று கொள்ளினும் தகும்.

மூல நிரல் முழுவதும் அவர் கையில் வந்துவிட்டது. ஓர் எழுத்தும் குறைவில்லை. எனினும் அதனைத் தொகுக்க முற்படின் தொகுப்பி பாதியிலே நின்றுவிடுகின்றது. 'இன்ன கோப்பு இல்லை' என்று ஒரு வரி. அதன்பின் நூறு வரிப் பிழைகள். ஏன்? அவ்விளையாட்டு தன் வேலையெல்லாவற்றையும் தானே செய்வதன்று. திரையில் சாளரம் திறப்பதற்கும் விசைப்பலகையைக் கேட்பதற்கும் எஸ்.டி.எல்.; ஒலிக்கு ஓப்பன்-ஏ.எல். மற்றும் வோர்பிஸ், படங்களுக்கு லிப்-பி.என்.ஜி.; சுருக்கிய கோப்பை விரிக்க சீ-லிப்; பல மொழி எழுத்துக்கு ஐ.சி.யு.; விளையாட்டின் விதிகளை இயக்குவதற்கு, ஃபயர்பாக்ஸ் உலாவியின் உறுப்பாகிய ஸ்பைடர்மங்கி. இன்னும் பல. இவற்றுள் எஸ்.டி.எல். 1998-இல் சாம் லாண்டிங்கா தொடங்கியது. சீ-லிப் 1995-இல் ஜான்-லூ கைலி, மார்க் ஆட்லர் என்னும் இருவர் ஆக்கியது. அசோகர் தூணை எழுப்ப நினைத்த இளைஞர், தாம் பெயரும் அறியாத இத்துணைப் பேரின் உழைப்பின் மேல் நிற்கின்றார் என்பதை அந்த ஒரு பிழை வரி அறிவிக்கின்றது.

கணினித் துறையினர் இதனைத் தமிழில் 'சார்பு' என்றே வழங்குகின்றனர். மணிமேகலையின் இறுதிக் காதையைக் கற்றவர்க்கு இச்சொல் புதிதன்று. பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டும் ஒன்றை ஒன்று பற்றித் தோன்றும் முறையை அறவண அடிகள் விளக்குமிடத்துச் சாத்தனார் ஆளும் சொல் 'சார்வு' என்பதே. சொல்லை ஆக்கிய கணினியாளர் இதனை எண்ணி ஆக்கினரோ இல்லையோ, சொல் தன் பழைய வீட்டிற்குத் திரும்பியிருக்கின்றது.

இனி, விடுபட்ட சார்பைக் கண்டு தீர்க்கும் முறையைச் சற்று விரித்துரைப்போம். இதில் கற்கத்தக்கது மிகுதி. அனுபவமில்லாதார் திரையின் அடியில் உள்ள கடைசி வரியைப் பார்த்து மயங்குவர். அது 'தொகுப்பு தோற்றது' என்பதற்கு மேல் யாதும் சொல்லாது. அறிந்தவர் மேலே மேலே சென்று முதற்பிழையைத் தேடுவர். இடையிலுள்ள நூறு பிழைகளும் அம்முதற்பிழையின் மக்களும் பேரர்களுமே. அதனைத் தீர்த்தால் அவை தாமே ஒழியும். சம்யுத்த நிகாயத்து நகர சுத்தத்தில் பகவன் தாம் போதிக்கு முன் செய்த ஆராய்ச்சியைக் கூறுமிடத்தும் இம்முறையே காணப்படுகின்றது. மூப்பும் சாவும் எது உண்டாகையால் உண்டாயின என்று கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பின்னோக்கிச் சென்றார். மூப்பைக் கண்டு அழுதல் கடைசி வரியைக் கண்டு அழுதலை ஒக்கும்.

முதற்பிழையைக் கண்டபின் அது எந்நிலையில் நிகழ்ந்தது என்று பகுத்தறிதல் வேண்டும். தலைப்புக் கோப்பு இல்லை எனின், நூலகத்தின் விளக்கவுரை இல்லை என்பது பொருள். இணைப்பான் குறை கூறின், விளக்கவுரை உண்டு, நூலகத்தின் உடல் கிடைக்கவில்லை. தொகுத்து முடிந்து, ஓட்டும்போது நின்றால், செய்யும்போது இருந்தது ஓடும்போது காணப்படவில்லை, அப்போது எல்.டி.டி. என்னும் கட்டளை எந்தச் சார்பு எங்கே கிடைக்கின்றது, எது கிடைக்கவில்லை என்று வரிசையாகக் காட்டும். இன்ன கோப்பு எந்தப் பொதியில் உள்ளது என்று அறிய டெபியன், உபுண்டு வகைகளில் ஆப்ட்-ஃபைல் என்னும் கருவி உண்டு.

இங்கே எல்லாரையும் இடறச்செய்யும் கல் ஒன்று கிடக்கின்றது. "எஸ்.டி.எல். என் கணினியில் இருக்கிறதே, வேறு விளையாட்டுகள் அதைக்கொண்டு ஓடுகின்றனவே, இல்லை என்று ஏன் பொய் சொல்கிறது?" என்பர் புதியோர். கணினி பொய் சொல்லவில்லை. ஒரு நூலகத்தைப் பயன்படுத்துவதற்கு உரிய பொதி வேறு. அதன் மேல் புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு உரிய பொதி வேறு. பின்னதன் பெயர் டெபியனில் 'டெவ்' என்றும் ஃபெடோராவில் 'டெவல்' என்றும் முடியும். நுகர்வார்க்கு உள்ளமைப்புத் தெரிய வேண்டுவதில்லை. கட்டுவார்க்குத் தெரிந்தே ஆகவேண்டும். தம்மத்தை வணங்கிப் பயன்கொள்ளும் உபாசகர்க்கும் அதன் மேல் தம் வாழ்வையே கட்டத் துணிந்தவர்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை.

மற்றொரு தீய வழக்கமும் உண்டு. நூலகத்தின் ஐந்தாம் பதிப்பு வேண்டும் என்று கேட்கும் நிரலுக்கு, ஆறாம் பதிப்பின் மேல் ஐந்து என்று பெயரொட்டிக் கொடுத்து ஏமாற்றுவர் சிலர். பிழை வரி மறையும். சில சமயம் ஓடவும் செய்யும். பின்பு வேண்டாத வேளையில் இடிந்து விழும். பொருள்கள் நிலையாமையுடையன என்பதை ஒப்புக்கொள்ளாமையின் விளைவு இது. சீரோ ஏ.டி. ஸ்பைடர்மங்கியின் குறித்த ஒரு பதிப்பையே வேண்டுவதும், அப்பதிப்பைத் தன்னுடனே கொண்டுவந்து கட்டுவதும் இதனாலேயே. 2023 அக்டோபரில் பைத்தான் 3.12 வெளிவந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் பழைய உறுப்பு நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த கட்டுமான நிரல்கள் பல நின்றன. நேற்று ஓடியது இன்றும் ஓடவேண்டும் என்பது ஆசையேயன்றி விதியன்று.

ஒன்று மற்றொன்றைச் சார, அம்மற்றொன்று முதலதையே சாரும் வட்டச்சார்பும் உண்டு. ஸ்பைடர்மங்கியைக் கட்ட ரஸ்ட் மொழியின் தொகுப்பி வேண்டும். ரஸ்ட் தொகுப்பியோ ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. அப்படியாயின் முதல் தொகுப்பி எங்கிருந்து வந்தது? அது ஓ-கேமல் என்னும் வேறு மொழியில் எழுதப்பட்டது. 2011-இல்தான் ரஸ்ட் தன்னைத் தானே தொகுக்கக் கற்றது. ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு நாணற்கட்டுகளைச் சாரிபுத்த தேரர் உவமை காட்டியதை அன்பர்கள் அறிவர். ஒன்றை உருவினால் மற்றொன்றும் விழும். அவ்வுவமையை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு மேலே வருக.

2016 மார்ச்சு 22-ஆம் நாள் அசர் கோச்சுலு என்னும் நிரலாளர், ஒரு பெயர் பற்றி எழுந்த பிணக்கில், என்.பி.எம். என்னும் பொதிக் களஞ்சியம் தம் விருப்பத்திற்கு மாறாகப் பெயரைப் பிறர்க்குக் கொடுத்ததனால் வெகுண்டு, தாம் அங்கு வைத்திருந்த பொதிகள் அனைத்தையும் திரும்பப் பெற்றார். அவற்றுள் 'லெஃப்ட்-பேட்' என்பது 11 வரிகளே உள்ள சிறு நிரல். எழுத்துக்கோவையின் இடப்புறத்தை நிரப்புவதன்றி வேறொன்றும் செய்யாதது. அப்பதினொரு வரி இல்லாமற் போனதும் உலகெங்கும் பெரும் நிறுவனங்களின் கட்டுமானங்கள் நின்றன. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் களஞ்சியத்தார் அதனைத் தாமே மீட்டு வைத்தனர். அவர் செய்தது சரியா என்று அந்நாளில் பெரிதும் வாதிட்டனர். எம் எண்ணம் இது: தம் பொருளைத் திரும்பப் பெற அவர்க்கு உரிமை உண்டு, ஆயின் அப்பொருளை எவரும் படியெடுக்கலாம் என்று முன்பே அவர் உரிமம் அளித்துவிட்டமையால், மீட்டு வைத்தாரையும் கள்வர் என்றல் பொருந்தாது. இருவரையும் விடக் குறை மிகுதியும் உடையார், அப்பதினொரு வரியைச் சார்ந்திருந்தும் அது விழும்வரை தாம் சார்ந்திருப்பதையே அறியாத பெருநிறுவனத்தாரே.

அதே 2016-ஆம் ஆண்டு சூலையில் குசராத்து மாநிலம் ஊனாவை அடுத்த மோட்டா சமாதியாலாவில், இறந்த பசுவின் தோலை உரித்த நம் சகோதரர்களைக் கட்டிவைத்து அடித்தனர். அதன்பின் அம்மாநிலத்துத் தலித்து மக்கள், செத்த மாடுகளை இனி நாங்கள் அகற்றோம் என்றனர். சுரேந்திரநகரில் மாட்டுப் பிணங்களைக் கொண்டுசென்று ஆட்சியர் அலுவலகத்தின் முன்னேயே போட்டனர். தெருவெல்லாம் நாறியபோதுதான், தாம் எவருடைய கையைச் சார்ந்து வாழ்ந்தோம் என்பது ஊரார்க்குத் தெரிந்தது. இரு நிகழ்ச்சிகளும் ஒரு தன்மையனவே எனினும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நிரலுக்குப் படி இருந்தது. இரண்டு மணியில் மீட்டனர். கைக்குப் படி ஏது? அவ்வடிபட்ட குடும்பத்தார் 2018 ஏப்ரலில் தம் ஊரிலேயே பௌத்தம் தழுவினர்.

நம் தமிழ்நாட்டு ஊர்களை நோக்குக. ஏரித் தண்ணீரை வயல்தோறும் முறைவைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் நம்மவர். கமலை ஏற்றத்திற்குத் தோல் தைத்தவர் நம்மவர். ஊர்ச்செய்தி அறிவித்த பறை நம்மவருடையது. சாவுச்செய்தி கொண்டு நடந்தவரும் நம்மவரே. ஊர் சேரியைச் சார்ந்ததா, சேரி ஊரைச் சார்ந்ததா? இரண்டும் நாணற்கட்டுகளே. ஆயின் கணக்கு எழுதியவன் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினான். ஊர் சேரிக்கு அளந்த நெல் ஏட்டில் ஏறிற்று. சேரி ஊருக்கு அளித்த நீரும் தோலும் ஏறவில்லை. களத்தில் ஊழியர்க்கு அளந்த பங்கிற்குப் பழங்கணக்கில் 'சுதந்திரம்' என்றே பெயர் இருந்தது! இதனினும் கசப்பான நகை வேறில்லை. இவ்வகையில் கணினித் தொகுப்பி கணக்கனைவிட நேர்மையுடையது. 11 வரியே ஆயினும், வேண்டியது இல்லையேல் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடுகின்றது.

சார்ந்திருப்பார் கடன் யாது என்பதையும் ஒரு சொல் கூறவேண்டும். எக்ஸ்-சீ என்னும் சுருக்கு நிரலைப் பின்லாந்தின் லாசே காலின் என்பவர் பல்லாண்டு ஊதியமின்றித் தனியாய்க் காத்துவந்தார். வேலை தாமதம் என்று அவரை முகமறியாதார் சிலர் நச்சரித்தனர். உதவ வந்தவர் போன்று ஒருவர் நுழைந்து, நம்பிக்கை பெற்று, நிரலின் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டு, அதனுள் கள்ளவாயில் ஒன்றை அமைத்தார். எஸ்.எஸ்.எச். என்னும் கதவுக்கும் எக்ஸ்-சீக்கும் நேர்த்தொடர்பே இல்லை. ஆயின் சில லினக்ஸ் வகைகளில் அக்கதவு சிஸ்டம்-டி நூலகத்தைச் சார்ந்தது. அந்நூலகம் எக்ஸ்-சீயைச் சார்ந்தது. நண்பனின் நண்பன் வழியாகத் திருடன் வந்தான். உள்நுழைய அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் 2024 மார்ச்சு 29-இல் இதனை வெளிப்படுத்தியிராவிடில் பெருங்கேடு விளைந்திருக்கும். சோர்ந்த ஒருவர் தோளில் உலகமே சாய்ந்து நின்று, அவர்க்கு ஒரு துணையும் அளியாது, வேகமில்லை என்று ஏசியும் விட்டால் நிகழ்வது இதுவே.

இனித் தொடக்கத்து வினாவிற்கு வருவோம். தமக்குத் தாமே தீவாக வாழ்க என்றவர், அன்றாடம் ஓடேந்தி இல்லந்தோறும் பிட்சை ஏற்றவர். அச்சுத்தமே, அவ்வுரைக்குப் பின் அவர் கொல்லன் சுந்தன் இட்ட உணவை உண்டதையும் கூறுகின்றது. அவ்வுணவுக்குப்பின் நோய் முற்றியபோது பகவன் நினைத்தது தம்மையன்று, சுந்தனை. அவன்மேல் பழி வாராதிருக்க, போதிக்கு முன் உண்ட உணவும் பரிநிப்பானத்துக்கு முன் உண்ட உணவும் ஒத்த பெரும்பயன் உடையன என்று அவனுக்குச் சொல்லுமாறு ஆனந்தரைப் பணித்தார். தம் அறிவையும் நெறியையும் பிறர்பால் ஒப்படைக்காதீர் என்பதே தீவு என்றதன் பொருள். சோற்றுக்கும் துணைக்கும் எவரையும் சாராதீர் என்பதன்று. சார்ந்தபோது சார்ந்தவரின் பெயரைச் சொன்னார் அப்பெருமான். சார்பு அடிமையாவது, பெயர் மறைக்கப்பட்டு, விலகவும் உரிமையின்றி, கணக்கு ஒருபக்கமாக எழுதப்படும் இடத்திலேயே.

பாபாசாகேப் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நம் இல்லந்தோறும் உள்ளது. நோயினிடையே அந்நூலை எழுதி முடிக்கத் தம்மை உயிரோடு வைத்திருந்தவர்கள் என்று தம் மனைவியாரையும் மருத்துவர் மால்வங்கரையும் நன்றியோடு குறித்து, அவர் 1956-இல் ஒரு முன்னுரை எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1957-இல் நூல் அச்சேறியபோது அம்முன்னுரை அதில் இடம்பெறவில்லை. 1980-இல் பகவான் தாஸ் அதனைத் தனியே வெளியிட்ட பின்னரே மக்கள் பார்வைக்கு வந்தது. இன்றும் அம்முன்னுரை இல்லாத படிகளே நம்மவர் பலர் கையில் உள்ளன. மறுபதிப்புச் செய்யும் சங்கத்தார் அதனைச் சேர்த்து அச்சிடுவதற்கு மிகுதியாக ஆகும் தாள் ஓரிரண்டே.